பச்சை விறகு: மேல் கனடாக் காட்டில் ஓர் ஆங்கிலக் குடும்பத்தின் குளிர்காலம்

1837 பிப்ரவரி 7ஆம் தேதி காலையில், அந்த மரவீட்டுக்குள் திரவம் என்று இருந்தவை எல்லாம் உறைந்துகிடந்தன. ரொட்டியும் உறைந்து கட்டையாகியிருந்தது. அதை இளக்குவதற்காக நெருப்பின் முன் வைத்துவிட்டு, அழுகிற குழந்தைகளுக்கு உடை மாட்டிக்கொண்டிருந்தார் சூசன்னா மூடி. நெருப்போ பிடிக்கவில்லை. அண்மையில் வெட்டி இழுத்துவந்த பச்சை விறகு. புகைந்ததே தவிர எரியவில்லை. வாய்விட்டே அதைத் திட்டித் தீர்த்ததாகப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அதே நாளில் வீட்டின் கூரை தீப்பற்றியது.

காலையில் நெருப்பு போதவில்லை. பகலில் நெருப்பு மிஞ்சிப்போனது. கனடாவில் குடியேறிய ஆங்கிலேயர்களின் குளிர்காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பனியில் தொடங்கிப் பனியிலேயே முடிப்பது வழக்கம். மூடி குடும்பத்தின் கடிதங்களையும், சூசன்னாவின் நினைவுநூலையும், அவருடைய அக்கா கேத்தரின் பார் ட்ரெய்ல் எழுதிய கையேட்டையும் சேர்த்துப் படித்தபோது, அந்த வீடுகளின் குளிர்காலம் என் கண்ணுக்கு நெருப்பின் கதையாகவே தெரிந்தது. பனி பல வேளைகளில் அவர்களுக்கு உதவிக்கு வந்த பொருள். நாள் முழுக்க அவர்களை ஆட்டிவைத்தது அடுப்பு.

முதலில் இவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம், சஃபோக் மாவட்டத்தில் ரெய்டன் ஹால் என்ற பெரிய பழைய வீட்டில் வளர்ந்தவர்கள் ஸ்ட்ரிக்லாண்ட் சகோதரிகள். தகப்பனார் 1818இல் இறந்தபின் வீடு பெரிதாகவும் வருமானம் சிறிதாகவும் ஆகிப்போனது. சகோதரிகள் எழுதிச் சம்பாதித்தார்கள். எலிசபெத்தும் ஆக்னஸும் இங்கிலாந்து அரசிகளின் வரலாற்றை எழுதிப் பேர் வாங்கினார்கள். கேத்தரினும் கடைக்குட்டி சூசன்னாவும் மணந்துகொண்டது ஒரே ராணுவப் பிரிவிலிருந்து வந்த, ஓர்க்னித் தீவுகளைச் சேர்ந்த இரண்டு அதிகாரிகளை. நெப்போலியன் போர்கள் முடிந்து ‘அரைச் சம்பளத்தில்’ வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் இருவரும். கௌரவம் முழுசாக இருந்தது, சம்பளம்தான் பாதி. இந்த வகுப்பாருக்குக் குடியேற்றம் ஒரு தப்பிக்கும் வழியாக விளம்பரப்படுத்தப்பட்டது. கனடா கம்பெனியின் முகவர் வில்லியம் கேட்டர்மோல் சஃபோக் ஊர்களில் சொற்பொழிவாற்றிக்கொண்டிருந்த காலம் அது. 1832ஆம் ஆண்டில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கியூபெக் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். இரு குடும்பங்களும் தனித்தனிக் கப்பல்களில் அந்த ஆண்டே வந்தன. அது காலரா ஆண்டு. மான்ட்ரியலில் கேத்தரினுக்கு நோய் கண்டு, சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார்.

தம்பி சாமுவேல் 1825இலேயே அங்கே போயிருந்தான். அன்று மேல் கனடா எனப்பட்ட இன்றைய ஒன்டாரியோவில், பீட்டர்பரோவுக்கு வடக்கே, டூரோ என்ற வட்டத்தில், கச்சவனூக்கா ஏரிக்கரையில் அவன் நிலம் திருத்தியிருந்தான். ட்ரெய்ல் தம்பதியர் அவனருகே குடியேறினார்கள். மூடி குடும்பம் முதலில் தெற்கே, கோபர்க் ஊர்ப்பக்கம் ஒரு பண்ணையை வாங்கி, அங்கே சரிப்படாமல் 1834 பிப்ரவரியில் காட்டுக்குள் வந்தது. இன்று டொரன்டோவின் ஸ்கார்பரோவில் வாழும் ஈழத்தமிழர் ஒருவர் காலையில் காரில் புறப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் அந்த ஏரிக்கரையின் இன்றைய ஊரான லேக்ஃபீல்டை அடைந்துவிடலாம். நெடுஞ்சாலையில் உப்புத் தூவியிருப்பார்கள், காரில் ஹீட்டர் ஓடும்.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். சஃபோக் இருப்பது வட அட்சம் 52 பாகையில். லேக்ஃபீல்டு இருப்பது சுமார் 44 பாகையில், இத்தாலியின் ஜெனோவா நகரத்துக்கு ஏறக்குறைய நேராக. அதாவது இந்த ஆங்கிலேயர்கள் சூரியனை நோக்கி எட்டுப் பாகை தெற்கே வந்திருக்கிறார்கள்! அட்சக்கோட்டை நம்பி வந்தவர்களைக் கண்டத்தின் உட்புறத் தட்பவெப்பம் ஏமாற்றியது. அட்லாண்டிக் கடலின் வெதுவெதுப்பைத் தாங்கிவரும் மேல்காற்று இங்கிலாந்தை இளஞ்சூட்டில் வைத்திருக்கிறது. ஒன்டாரியோவுக்கோ வடதுருவப் பக்கத்துக் காற்று தடையின்றி இறங்கி வருகிறது. 1837 பிப்ரவரியில் வெப்பமானி பலமுறை ஃபாரன்ஹீட்டில் சுழிக்குக் கீழே 18 முதல் 27 பாகை வரை போனதாக சூசன்னா எழுதுகிறார். செல்சியஸில் கழித்தல் 28 முதல் 33. இங்கே தமிழ் எழுதுகிறவனுக்கு ஒரு சிக்கல்: மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்பதும் பனி, பிப்ரவரியில் முழங்கால் புதையக் கிடப்பதும் பனி, ஏரியின் மேல் வண்டி ஓடுமளவு இறுகிக் கிடப்பதும் பனி. அந்தக் காட்டில் இம்மூன்றையும் ஒன்றாக நினைத்தவன் பிழைத்திருக்க மாட்டான்.

கேத்தரினுக்குக் கண்ணில் பட்டதையெல்லாம் குறித்துவைக்கும் பழக்கம் உண்டு. 1833 மார்ச் முதல் தேதிதான் தன் வாழ்நாளிலேயே மிகக் குளிர்ந்த நாள் என்று அவர் எழுதினார். வீட்டுக்குள்ளேயே வெப்பமானி 25 ஃபாரன்ஹீட் காட்டியது. உறைநிலைக்கு ஏழு பாகை கீழே. படுத்திருந்தவர்களின் மூச்சுக்காற்று போர்வையின் மேல் வெள்ளை உறைபனியாகப் படிந்தது. இரும்பைத் தொட்டால் விரல் உறைவதுபோல் ஒட்டியது. விடியற்காலையில் நெஞ்சும் வயிறும் இழுத்துப் பிடிப்பதுபோல் ஒரு நடுக்கம். இத்தனைக்கும் நடுவே, இரவில் கம்பளி உடையைக் கழற்றும்போது சடசடவென்று ஓசை எழுவதையும், இருட்டில் நீலம் பாரித்த பொறிகள் தெறிப்பதையும், தலை வாரும்போதும் அதுவே நடப்பதையும் கவனித்து, இது மின்சாரத்தின் வேலையாக இருக்கலாம் என்று எழுதிவைத்தார். வறண்ட குளிரில் துணி உராய்ந்தால் நிலைமின்சாரம் சேரும் என்பது இன்று கனடாவில் ஸ்வெட்டர் கழற்றும் எந்தக் குழந்தைக்கும் தெரியும். நடுங்கிக்கொண்டே அதைக் கவனித்த மனம் எனக்கு வியப்பாக இருக்கிறது. கேத்தரின் பிற்காலத்தில் கனடாவின் செடிகொடிகளைப் பற்றி நூல்கள் எழுதியது இந்த மனத்தோடுதான்.

வீட்டின் அமைப்பே குளிரை உள்ளே அழைப்பதுபோல் இருந்தது. கட்டைமேல் கட்டையாக அடுக்கிய சுவர். இடைவெளிகளில் பாசியையும் களிமண்ணையும் அடைப்பார்கள். பச்சை மரம் காயக்காயச் சுருங்கும், அடைத்தது உதிரும், ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் மீண்டும் அடைக்க வேண்டும். நடுவே பெரிய கணப்பு. எரியும் சூட்டில் பெரும்பங்கு புகைபோக்கி வழியாக வானத்துக்கே போகும். முன்பக்கம் வேகும், முதுகு விறைக்கும். வசதி சற்றுக் கூடியவர்கள் ஃபிராங்க்ளின் அடுப்பு என்ற வார்ப்பிரும்புக் கணப்பை வாங்கிவைத்தார்கள். 1833 டிசம்பரில் ட்ரெய்ல் தம்பதியர் தங்கள் சொந்த மரவீட்டுக்குக் குடிபோனபோது, முன்னறையில் பித்தளை வேலைப்பாட்டுடன் அப்படி ஓர் அடுப்பு இருந்தது. பச்சையும் வெள்ளையுமான திரைச்சீலை, வர்ணம் பூசிய நாற்காலிகள், இரவில் கட்டிலாகும் சோபா, தரையில் பழங்குடியினர் முடைந்த பாய், சுவரில் வரைபடங்கள், ஒரு பக்கம் புத்தகங்கள். வெளியே ஓநாய் உலவும் காட்டில் சஃபோக் முன்னறையின் ஒரு நகல். அந்த நகலைக் கலையாமல் வைத்திருந்தது அடுப்பு ஒன்றுதான். அது அணைந்தால் திரைச்சீலை விறைத்துப்போகும், மைக்கூடு உறைந்துபோகும்.

இங்கிலாந்தில் விறகு என்பது வேறு பொருள். நிலக்கிழாரின் தோப்பில் சுள்ளி பொறுக்கிய ஏழையைத் திருடன் என்று தண்டிக்க முடிந்த நாடு அது. இங்கே மரம் விரோதி. ஓர் ஏக்கரைத் திருத்த வேண்டுமானால், ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனுள்ள மேப்பிள், பீச் மரங்களை வெட்டி, மலையாகக் குவித்துக் கொளுத்துவார்கள். எரிபொருள் இப்படி வாசல்வரை குவிந்துகிடக்க, அடுப்பு எப்படிப் புகைந்தது? வெட்டிய மரம் காய்வதற்கு ஒரு வருடமாவது வேண்டும். முந்தின குளிர்காலத்திலேயே இந்தக் குளிர்காலத்துக்கான விறகைப் பிளந்து அடுக்கிவைத்தவன் நிம்மதியாக இருப்பான். கையில் காசும் கூலியாளும் இல்லாதவன் அன்றாடம் காட்டுக்குப் போய் அன்றாட விறகை இழுத்துவருவான். பச்சை விறகு எரித்த வீடு என்றால், ஓராண்டு முன்னால் கை ஓடாத வீடு என்று அர்த்தம். மூடி குடும்பம் அந்த நிலையில் இருந்தது. ஜான் மூடி தன் அரைச் சம்பள உரிமையை விற்று வந்த பணத்தை ஒரு நீராவிக் கப்பல் நிறுவனத்தின் பங்குகளில் போட்டிருந்தார். அதிலிருந்து காசு வரவே இல்லை. அந்தப் பணம் கையில் இருந்திருந்தால் கூலியாள் வைத்திருக்கலாம், காய்ந்த விறகு இருந்திருக்கும். ஒரு தவறான முதலீடு இரண்டு மூன்று ஆண்டுக்குப் பிறகு அடுப்பில் புகையாகத் தெரிகிறது.

பூ வரையவும் கவிதை எழுதவும் கற்ற பெண்களுக்கு நெருப்பை ஆளத் தெரியாது. ரெய்டன் ஹாலில் அது வேலைக்காரப் பெண்ணின் வேலை. சூசன்னா முதல்முதலாக ரொட்டி சுட்ட கதையை அவரே சிரிப்போடு சொல்கிறார். அங்கே ரொட்டி சுடுவது கனத்த இரும்புச் சட்டியில். சட்டியின் மூடிமேலும் சட்டிக்கு அடியிலும் தணலைக் குவிப்பார்கள். எத்தனை தணல், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் கைப்பழக்கம். அவர் மாவு பொங்குமுன்பே சட்டிக்குள் போட்டு, மேலும் கீழும் நெருப்பை அள்ளிக் கொட்டினார். கருகல் நாற்றம் வந்தபிறகுதான் என்ன நடந்தது என்று புரிந்தது. கேத்தரின் 1854இல் எழுதிய ‘பெண் குடியேறிகளின் வழிகாட்டி’ இந்த அறியாமையை நேராகக் குறிவைத்த நூல். ஹாப்ஸ் பூவிலிருந்து நொதி எடுப்பது, உருளைக்கிழங்கு கலந்து ரொட்டி சுடுவது, கொழுப்பை உருக்கி வர்த்தி வார்ப்பது, அடுப்புச் சாம்பலில் நீர் ஊற்றி வடிந்த காரத்தைக் கொழுப்போடு காய்ச்சிச் சோப்பு செய்வது என்று அதில் எல்லாம் உண்டு. எரித்த மரம் சாம்பலாகி, சாம்பல் சோப்பாகி, சோப்பு துணியை வெளுத்தது. துவைத்த துணியைக் கொடியில் போட்டால் பலகைபோல் விறைக்கும் என்பது வேறு விஷயம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்கே அலுத்துப்போன சாப்பாடு. உப்புநீர்ப் பீப்பாயிலிருந்து எடுத்த பன்றி இறைச்சி, நிலவறையில் உறைந்துவிடாமல் காத்த உருளைக்கிழங்கு, ரொட்டி. உருளைக்கிழங்கு ஒருமுறை உறைந்தால் இனித்து, கருத்து, அழுகும். ஆகவே நிலவறைக்கு வைக்கோல் போர்வை. இறைச்சிக்குத் தலைகீழ் விதி. வெட்டிய மானை வெளியே தொங்கவிட்டால் வாரக்கணக்கில் கெடாது. குளிர் அங்கே காசில்லாத குளிர்சாதனப் பெட்டி. டீத்தூள் வாங்க முடியாதபோது சூசன்னா டான்டிலியன் கிழங்கைத் தோண்டி, கழுவி, நறுக்கி, பழுப்பாக வறுத்துப் பொடித்துக் காப்பி போட்டார். உருளைக்கிழங்கு பறிக்கும் இலையுதிர்காலத்தில் சேர்த்துவைத்தால் குளிர்காலம் முழுக்க வரும். நல்ல காப்பிதான் என்று சாதிக்கிறார். சிக்கரி கலந்த காப்பி குடித்து வளர்ந்த நாம் நம்பலாம். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம்.

வெளியே போனால் காட்சி மாறுகிறது. கோடையில் அந்த நாட்டில் பயணம் என்பது சித்திரவதை: சேற்றில் மரக்கட்டைகளைக் குறுக்கே அடுக்கிய பாதை, எலும்பு கழலும் குலுக்கல், கொசு. அந்தக் கொசுவோடு முறைக்காய்ச்சலும் வந்தது. ஒன்டாரியோ ஏரிக்கரைகளில் மலேரியா பரவியிருந்த காலம் அது. வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் படுத்துக் கிடந்த கோடைகளை சூசன்னா விவரிக்கிறார். முதல் கடும்பனி கொசுவை முடித்து வைக்கும். பனி விழுந்து இறுகினால் சேறும் கட்டையும் மறைந்து பாதை வழவழப்பாகும். சக்கரமில்லாத பனிச்சறுக்கு வண்டியில் மூட்டைகளை எளிதாக ஏற்றிப்போகலாம். ஏரி உறைந்தால் சுற்றிப்போக வேண்டிய ஊர் நேர்ப்பாதையில் வந்துவிடும். கோதுமையை மாவு ஆலைக்குக் கொண்டுபோவதும், விருந்துக்குப் போவதும், வீடு மாறுவதும் பனிக்காலத்தில்தான் நடந்தன. மூடி குடும்பம் காட்டுக்கு வந்ததும் பனிவண்டியில். கடிதங்களுக்கு மட்டும் குளிர்காலம் பகை. செயின்ட் லாரன்ஸ் ஆறு உறைந்து கியூபெக் துறைமுகம் மூடிக்கொள்ள, இங்கிலாந்துத் தபால் நியூயார்க் வழியாகச் சுற்றிவரும்.

குளிர்காலத்தை எப்படி வாழ்வது என்று தெரிந்தவர்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். மிசிசாகா அனிஷினாபே மக்கள் ஏரியின் உறைந்த பரப்பில் துளையிட்டு, தலைமேல் போர்வையை மூடி, அந்த இருட்டில் துளைக்குக் கீழே தெளிவாகத் தெரியும் மீனை ஈட்டியால் குத்துவார்கள். கேத்தரின் இதைப் பார்த்து விரிவாக எழுதினார். அவர்களிடமிருந்து மான்தோல் மொக்காசினும் கூடையும் காட்டரிசியும் வந்தன. இரு வீடுகளிலிருந்தும் மாவும் பன்றி இறைச்சியும் துணியும் போயின. இறுக்கமான ஆங்கிலத் தோல் காலணி பனியில் விரலை உறையவைக்கும். கம்பளித் துண்டு சுற்றிய காலுக்கு மேல் அணியும் தளர்ந்த மொக்காசின் காப்பாற்றும். சூசன்னா தன் நூலில் இந்த அண்டைவீட்டாருக்கு ஓர் அத்தியாயம் முழுவதையும் ஒதுக்கி, நண்பர்கள் என்றே அழைக்கிறார். அவர் அடுப்பு எரிந்த நிலம் எப்படிக் கிடைத்தது என்ற கணக்கு அந்த அத்தியாயத்தில் முன்வரிசையில் இல்லை. 1818 நவம்பரில் போர்ட் ஹோப்பில் கையெழுத்தான ஒப்பந்தத்தில், ஏறக்குறைய 19 லட்சத்து 51 ஆயிரம் ஏக்கர் நிலம், ஆண்டுக்கு 740 பவுண்டு பெறுமானப் பொருள்களுக்காக ஆங்கில அரசிடம் போனது. சகோதரிகள் வந்தது அதற்குப் பதினான்கு ஆண்டு கழித்து. மீனும் மானும் குறைவதைப் பற்றி அந்த மக்கள் கவலைப்பட்ட குளிர்காலங்களும் இதே குளிர்காலங்கள்தான். அவற்றை எழுதிவைக்க அவர்கள் பக்கம் லண்டன் பதிப்பாளர் இல்லை.

பண்டிகைகளில் ஊர் நினைவு வரும். கேத்தரின் தன் முதல் கிறிஸ்துமஸ் அன்று பீட்டர்பரோவுக்கு அருகே வெளியில் அலைந்து, சிவப்புப் பழங்களோடு தரையில் படர்ந்த ஒரு பசுங்கொடியைக் கொண்டுவந்து, தான் விருந்தாளியாக இருந்த வீட்டின் கணப்புக்கு மேலே தொங்கவிட்டார். ஊரில் ஹாலி இலை தொங்கும் இடம் அது. இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தக் கேலியை இருபது ஆண்டுக்குப் பிறகும் மறக்காமல், கையேட்டின் டிசம்பர் மாதக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

இப்போது 1837 பிப்ரவரி 7க்கு வருவோம்.  பொழுது ஏறியதும், புகையும் அடுப்பை அணையவிட்டு, ரொட்டிக்கு மாவு பிசையச் சமையலறைக்குப் போனார் சூசன்னா. குளிரைப் பற்றிய அவருடைய புலம்பலைக் கேட்டிருந்த வேலைக்காரப் பெண், எளிதில் பற்றும் விறகைக் கண்டெடுத்து ஃபிராங்க்ளின் அடுப்பின் வாய்வரை திணித்திருந்தாள். அடுப்பு செஞ்சிவப்பாகக் கனன்றது, குழாய் தகித்தது, குழாய் நுழையும் இடத்தில் கூரைப்பலகை பற்றியது. கணவர் வீட்டில் இல்லை. உதவி கேட்க வேலைக்காரப் பெண்ணை ஓடவிட்டார் சூசன்னா. மூத்தவளுக்கு ஐந்து வயது, கடைசிப் பிள்ளைக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை, நான்கு குழந்தைகள். உள்ளே நெருப்பு, வெளியே இத்தனை குளிர். அவர் செய்தது நான் படித்த குடியேற்ற நூல்களில் எங்கும் காணாத காரியம். அலமாரியின் பெரிய இழுப்பறைகளை உருவி, உள்ளிருந்ததைக் கொட்டிவிட்டு, மேட்டின்மேல் பனியில் கொண்டுபோய் வைத்து, கம்பளி விரித்து, குழந்தைகளை உள்ளே படுக்கவைத்துப் போர்த்தினார். மூன்றரை வயது ஆக்னஸின் முழங்கால்களுக்கிடையே கைக்குழந்தை. பிறகு தீக்குள் போய்ப் பொருள்களை வெளியே இழுத்தார். அண்டைப் பண்ணையார்கள் வந்து சேர்ந்து வீட்டின் சுவர்களைக் காப்பாற்றினார்கள், கூரை போனது.

இது ஒரு தனிப்பட்ட துரதிர்ஷ்டம் என்று கடந்துபோக முடியவில்லை. மூடி குடும்பம் 1840இல் பெல்வில் ஊருக்குக் குடிபெயர்ந்தது; அவ்வாண்டு டிசம்பரிலேயே அங்கிருந்த வீடும் எரிந்தது. ட்ரெய்ல் குடும்பத்தின் ரைஸ் ஏரிக்கரை வீடு 1857 ஆகஸ்டில் முழுசாக எரிந்துபோனது. இரண்டு சகோதரிகள், மூன்று தீவிபத்துகள். மரச்சுவர், மரக்கூரை, மரத்தை எரிக்கும் அடுப்பு, மரத்தால் சூழ்ந்த ஊர். கடுங்குளிர் நாளில்தான் அடுப்பை அளவுக்கு மீறி எரிப்பார்கள். அன்றுதான் அணைக்கத் தண்ணீர் உறைந்திருக்கும். குளிர் நேரடியாகக் கொன்றவர்களைவிட, அதை விரட்டப் போய் வீட்டை இழந்தவர்களின் கதைகளையே இந்த எழுத்துகளில் நான் அதிகம் பார்க்கிறேன்.

காட்டுவீடு எரிந்த 1837இன் டிசம்பரில், டொரன்டோவில் மெக்கென்சி என்பவரின் தலைமையில் அரசுக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. அரைச் சம்பள அதிகாரிகள் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்கள். ராணுவச் சம்பளம் ஒருவகையில் குடும்பத்தைக் காப்பாற்றியது. பதிலுக்குப் பெண்களைத் தனியே விட்டது. 1838–39 குளிர்காலத்தில் ஜான் மூடி பெல்வில் பக்கம் படைக்கணக்குப் பார்க்கும் வேலையில் இருந்தார். காட்டில் சூசன்னா, ஐந்து குழந்தைகள், ஜென்னி என்ற வயதான அயர்லாந்துப் பணிப்பெண். கடைசிப் பிள்ளை அக்டோபரில் பிறந்தவன். பால்கட்டிச் சீழ்பிடித்து அவர் துடித்ததையும், பீட்டர்பரோவிலிருந்து மருத்துவர் வந்து கீறி எடுத்ததையும் கணவருக்கு எழுதிய கடிதங்களில் காண்கிறோம். அக்கடிதங்கள் 1993இல்தான் நூலாக வந்தன. 1852இல் அவரே அச்சுக்குக் கொடுத்த ‘புதர்க்காட்டில் கரடுமுரடாக வாழ்தல்’ நூலில் இருக்கும் நகைச்சுவை இவற்றில் இல்லை. அக்கா கேத்தரின் காட்டு வாழ்க்கையைப் பற்றி 1836இல் வெளியிட்ட நூலில் துன்பமே குறைவு. பயனுள்ள அறிவைப் பரப்பும் வரிசையில் வெளிவந்த நூல் அது, குடியேற வருபவர்களை மிரட்டக்கூடாது. ஒரே ஏரிக்கரை, ஒரே குளிர், யாருக்கு எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து வேறு வேறு வெப்பநிலை. நான் கடிதங்களைத்தான் அதிகம் நம்புவேன்.

அதே 1838–39 குளிர்காலத்தில் மான்ட்ரியலில் ‘லிட்டரரி கார்லண்ட்’ என்ற இதழ் தொடங்கியது. பதிப்பாளர் ஜான் லவெல் சூசன்னாவிடம் கதை கேட்டு, காசும் தருவதாக எழுதினார். பகலில் வேலை ஓயாது. எழுத முடிவது குழந்தைகள் தூங்கியபின். வர்த்தி வாங்கக் காசில்லை. ஜென்னி கந்தலைத் திரித்து, பன்றிக்கொழுப்பில் தோய்த்து, ஒரு புட்டியில் செருகிக் கொடுப்பாள். அந்த நாற்றமடிக்கும் மினுக்கொளியில் கதை எழுதினார். இப்படி எழுதினால் உடம்பு தேறாது என்று ஜென்னி கடிந்துகொள்வாள். முதன்முதலாக இருபது டாலர் நோட்டு வந்தபோது அழுதுவிட்டதாக எழுதியிருக்கிறார். இன்னொரு சிறு வருமானமும் உண்டு: மரங்களில் விளையும் பெரிய காளான்களின் வெண்மையான பரப்பில் பறவைகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் வரைந்து விற்றார். ரெய்டன் ஹாலில் பொழுதுபோக்குக்காகக் கற்ற கலை காட்டில் செருப்புக்கும் துணிக்கும் காசாயிற்று.

மார்ச் வந்தால் இரவில் உறையும், பகலில் இளகும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் மேப்பிள் மரத்தில் சாறு ஓடும். மரத்தில் துளையிட்டு, மரத்தொட்டியில் சொட்டுச்சொட்டாகச் சேர்த்து, பெரிய கொப்பரையில் நாள்கணக்கில் காய்ச்ச வேண்டும். சுமார் 40 லிட்டர் சாறு சுண்டினால் ஒரு லிட்டர் பாகு. சர்க்கரையாக்க இன்னும் சுண்ட வேண்டும். ஆண்கள் இல்லாத ஒரு வசந்தத்தில் சூசன்னாவும் ஜென்னியும் காய்ச்சி எடுத்த சர்க்கரை 112 பவுண்டு, ஏறக்குறைய 51 கிலோ. தணல் எத்தனை, எவ்வளவு நேரம் என்று தெரியாமல் ரொட்டியைக் கருக்கியவர் இவர்தான்.

1839இன் இறுதியில் ஜான் மூடிக்குப் பெல்வில் ஊரை மையமாகக் கொண்ட விக்டோரியா மாவட்டத்தின் ஷெரீஃப் பதவி கிடைத்தது. காட்டை விட்டு வெளியேறலாம். தானியத்தையும் கால்நடையையும் விற்றாயிற்று, சாமான் கட்டியாயிற்று. ஆனால் பனி விழவில்லை. பனி இல்லாமல் வண்டி ஓடாது. ஏறக்குறைய ஆறாண்டாகக் குளிரோடு மல்லாடிய வீட்டில், குழந்தைகள் நாள் முழுக்கச் சன்னலருகே நின்று வானத்தைப் பார்த்தார்கள். அப்பாவிடம் போகும் பாதை வானத்திலிருந்து இறங்க வேண்டியிருந்தது. இனிப் பனியே விழாதோ என்று கேட்டான் மூத்த பையன். விற்றது போக மிச்சமிருந்த உணவும் குறைந்துகொண்டே வந்தது. ஒருவழியாக ஓர் இரவு பனி கொட்டியது. சாமுவேல் வண்டிகளோடு வந்தான். சூசன்னா அழுதுகொண்டே ஏறினார். ஜென்னி தன்னிடமிருந்த தொப்பிகளில் ஒன்றையும் விட்டுவர மனமில்லாமல், எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு புறப்பட்டாள்.